அழுக்குப்படாத ஃபில்டர்

எங்கள் பெரியப்பா பெரியநாயகம் பீடோர்ப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றதும் ஈப்போவுக்குக் குடிவந்தார். அவர் வீட்டில் எந்தப் பொருளுக்கும் வயதாகாது. சோபா கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. டிவியும் அப்படித்தான். திருஇருதயப் படத்துக்கும் ஓர் உறை உண்டு. ஆண்டவர் அதற்குள்ளிருந்தே எங்களை ஆசீர்வதித்தார்.

1984இல், ரோசரி அக்காவைப் பெண் பார்க்கக் கமுந்திங்கிலிருந்து வருவதாக இருந்த வாரம், பெரியம்மா ஏர்கோன் ஃபில்டரைத் துணி பிரஷ்ஷால் தேய்த்துக் கிழித்துவிட்டார். காலேஜில் பொருளாதாரம் படிப்பவனுக்கு ஏர்கோன் தெரியாமல் இருக்காது என்று என்னைக் கூப்பிட்டார்கள். டவுனில், தவ்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளியின் கடையில் புது ஃபில்டர் வாங்கி வந்து, உறையைப் பிரிக்கப் போனேன்.

"டேய், அத ஏன் பிரிக்கிற?" என்றார் பெரியப்பா.

"பிரிக்காம எப்படி மாட்டுறது, பெரியப்பா?"

"அப்படியே மாட்டு. தூசி பட்டா வீணாப் போயிரும்லா."

"தூசி புடிக்கத்தான் ஃபில்டரே."

"காலேஜுல இதான் சொல்லித் தராங்களா? புதுச வாங்கி அழுக்காக்கச் சொல்லி?"

உறையோடு மாட்டினேன். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ரோசரி அக்கா என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"தம்பி, இனி அது குளுராதுதான?"

"காத்தே வராது அக்கா."

"அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத. இருபத்து நாலு வருசமா அந்த சோபாவுல ஒட்டிக்கிட்டே சொகமா இருக்குன்னு சொல்லிட்டேன். அந்த ஆளும் வந்து குளுருதுன்னு பொய் சொன்னா எனக்கு வேணாம். புழுங்குதுன்னு சொன்னா கட்டிக்கிறேன்."

இப்படியாக ஒரு கல்யாணம் ஒரு பிளாஸ்டிக் உறையை நம்பி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகும்போதே பெரியப்பா ஏர்கோனைப் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து கதவு சன்னல்களையெல்லாம் அடைத்தார். மாப்பிள்ளை அந்தோணிமுத்துவும் அவர் அம்மாவும் வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். ஏர்கோன் எஸ்டேட் லாரி மேடேறுவதுபோல உறுமியது.

"எப்படிம்மா, குளுரு அதிகமா இருக்கா? கொறைக்கவா?" என்றார் பெரியப்பா.

"வேணாண்ணே. ஜில்லுன்னு கேமரன்மலை மாதிரி இருக்குலா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பட்டுச் சேலை முதுகில் நனைந்திருந்தது. கோப்பி எடுக்க அவர் முன்னால் சாய்ந்தபோது, சோபா அவர் கையைச் சத்தத்தோடு விட்டது.

"தம்பிக்கு?" என்று பெரியப்பா மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

ரோசரி அக்கா பலகாரத் தட்டோடு திரைக்குப் பின்னால் நின்றாள்.

அந்தோணிமுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"புழுங்குது மாமா."

அவர் அம்மா அவர் தொடையில் கிள்ளினார். அவர் அதைச் சட்டை செய்யாமல் எழுந்து போய், சுவிட்சை அணைத்து, முன்மூடியைக் கழற்றினார். உள்ளே குழாயெல்லாம் வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்தது. குளிரைக்கூடப் பெரியப்பா செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார்.

"மாமா, காத்து போவ வழி இல்ல. உறையப் பிரிச்சாத்தான் ஆவும்."

பெரியப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. அந்தோணிமுத்து உறையைப் பிரித்து, ஃபில்டரை மட்டும் மாட்டித் திரும்பச் சுவிட்சைப் போட்டார். உறுமலோடு கொஞ்சம் காற்றும் வந்தது. ரோசரி அக்கா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "முறுக்கு எடுத்துக்குங்க," என்று அவரிடம் நேராகச் சொன்னாள். பெரியம்மா சிரித்தார். எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

அந்தோணிமுத்து முறுக்கை எடுக்கவில்லை. அவர் கையில் அந்தப் பிளாஸ்டிக் உறை இருந்தது. அதை மேசையில் விரித்து, உள்ளங்கையால் சுருக்கம் நீவி, பாதியாக மடித்து, மறுபடியும் பாதியாக மடித்தார்.

"நல்ல கனமான பிளாஸ்டிக், மாமா. வேற எதுக்காச்சும் போட்டுக்கலாம்."

பெரியப்பாவின் முகத்தில் உயிர் வந்தது. "உக்காருங்க மாப்பிள்ள," என்றார்.

ரோசரி அக்கா தட்டை ஏந்தியபடியே மடித்த உறையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன்.