அப்பா தூக்கும் எடை

முத்தையாபுரம் ஜீவமணிக்கு எடை பார்க்கத் தராசு வேண்டாம். துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் மூட்டை சுமந்தவர். தோளில் ஏறியதுமே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். இடுப்பு வட்டு விலகி அந்த வேலை போனது. மகள் ஜெப்ஸி முப்பது கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று முடிவு செய்ததும் அதே இடுப்புதான்.

ஜெப்ஸிக்கு இருபத்தாறு வயது. பிறந்ததிலிருந்து கை காலை அசைக்க வராது, பேச்சும் வராது. கட்டிலிலிருந்து கழிவறைக்கு, கழிவறையிலிருந்து நாற்காலிக்கு என்று ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை யாராவது தூக்க வேண்டும். அம்மா ரோஸ் இருந்தவரைக்கும் இரண்டு பேர். ரோஸ் போய்ச் சேர்ந்தபின் ஜீவமணி ஒருத்தர்தான். அரசாங்கத் திட்டத்தில் சக்கர நாற்காலி தந்தார்கள். ஒன்றல்ல, இரண்டு. புண்ணியவான்கள்! அதில் தூக்கி உட்காரவைக்கத்தான் ஒரு ஆளையும் தரவில்லை.

வீடு தேடி வரும் நர்ஸ் ஜெனிஸ் மாதம் ஒருமுறை எடை பார்ப்பாள். ஜெப்ஸியால் நிற்க முடியாதே, அதனால் ஜீவமணி அவளைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி நிற்பார். அப்புறம் அவர் எடையைக் கழித்துக்கொள்வார்கள். முப்பத்தெட்டு, முப்பத்துநான்கு, முப்பத்தொன்று என்று இறங்கிக்கொண்டே போனது. ஜெனிஸ் பதறிப்போனாள். ரத்தம் எடுத்தாள், எக்ஸ்ரேக்கு அனுப்பினாள், பூச்சி மாத்திரை கொடுத்தாள். எல்லாம் நார்மல். வரும்போதெல்லாம் ஒரு டப்பா சத்துமாவும் தந்தாள். ஜீவமணி மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார்.

இருபத்தொன்பது காட்டிய அன்றைக்கு ஜெனிஸின் பேனா கட்டிலுக்கு அடியில் உருண்டது. குனிந்து பார்த்தாள். அங்கே நான்கு டப்பா, மூடியே உடைக்காமல் இருந்தன.

"என்ன அண்ணாச்சி இது? பிள்ளைக்குக் கொடுக்கவே இல்லையா?"

"இல்ல சிஸ்டர்."

"சோறு?"

"கொறச்சுத்தான் கொடுக்கேன். நாலு இட்லி தின்னவளுக்கு இப்போ ரெண்டு. ராத்திரிப் பாலையும் நிறுத்திட்டேன். கனம் கூடுனா என்னால தூக்க முடியாது."

சொல்லும்போது அவருக்கு அழுகை வரவில்லை, வெட்கமும் வரவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

"பசிச்சா அவ என்ன செய்வா?"

"வாயத் தொறந்துக்கிட்டே இருப்பா. நான் எந்திரிச்சுக் கை கழுவப் போயிருவேன்."

ஜெனிஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. ஜெப்ஸியின் விலா எலும்பை விரலால் எண்ணிப் பார்த்தாள்.

"திருச்செந்தூர் ரோட்டுல இப்படிப் பிள்ளைகளுக்குன்னு ஒரு இல்லம் இருக்கு, அண்ணாச்சி. தூக்கிப் பாத்துக்கிட ஆளு இருக்கு. சேத்துக்கச் சொல்லி எழுதட்டா?"

"அதுக்கு நான் செத்துரலாம். எம்பிள்ள எங்கூடத்தான் இருப்பா."

"அப்போ முதல்ல ஆஸ்பத்திரில சேத்துத் தேத்துவோம். இப்படியே விட்டா பிள்ள தங்காது."

ஆறு வாரம் ஆஸ்பத்திரியில். ஆயாக்கள் இரண்டு பேர் சேர்ந்து புரட்டினார்கள், குளிப்பாட்டினார்கள், பொறுமையாக ஊட்டினார்கள். ஜெப்ஸி சாப்பிட்டாளே, அப்படி ஒரு சாப்பாடு! அந்த நேரம் மட்டும் ஜீவமணி வராந்தாவுக்குப் போய்விடுவார். சந்தோஷமா, துக்கமா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஜெனிஸ் சிரித்துக்கொண்டே வந்தாள். "முப்பத்தாறு கிலோ! கன்னம் வச்சிருக்கு பாருங்க, அண்ணாச்சி."

வாசலில் ஆட்டோ நின்றது. ஜீவமணி ஒரு கையை மகளின் கழுத்துக்கு அடியிலும், இன்னொன்றை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்தார். தூக்கப்போகிறார் என்று தெரிந்து, ஜெப்ஸி அவர் நெஞ்சுப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தம் கட்டித் தூக்கினார். மெத்தையிலிருந்து ஒரு சாண் எழும்பினாள். முன்னே முப்பத்தெட்டைத் தூக்கிய இடுப்பு இதற்குள் இன்னும் கெட்டிருந்தது; சுரீரென்று பிடித்ததும் இறக்கிவிட்டார். இன்னொரு தடவை முயன்றார். அதுவும் ஆகவில்லை. மூன்றாவது தடவை அவளை அசைக்கவே முடியவில்லை.

"ஆட்டோ வரைக்கும் நாங்க தூக்கி விடுதோம், அண்ணாச்சி," என்றாள் ஒரு ஆயா.

"வீட்டுக்குப் போயி?" என்றார் ஜீவமணி.

கையை உருவாமல் அப்படியே குனிந்து நின்றார். அப்பா இன்னும் தூக்கவில்லையே என்று ஜெப்ஸி தலையைச் சாய்த்தபடி காத்திருந்தாள்.

"சிஸ்டர்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அந்த இல்லத்துல வயிறு நெறையச் சோறு போடுவாவளா?"

"போடுவாங்க."

"அப்போ எழுதுங்க," என்றார்.