அடுப்புச் சுவர்

ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கிய வருஷம் அது. பட்டாளத்துக் கிடங்குக்குப் போகும் பாதை எங்கள் ஊர் நெமிலிச்சேரி வழியாக வருகிறது என்று, பொன்னம்மாள் வீட்டு வாசலிலேயே சிவப்புத் துணி கட்டிய முளையை அடித்துவிட்டுப் போனார்கள். ஆள் குடியிருக்கும் வீடு என்றால் பாதையை வளைப்பார்களாம், இல்லையென்றால் இடிப்பார்களாம். மறுநாள் அதிகாரி வருவார் என்றார் மணியக்காரர் ஜானகிராமன்.

வெறும் ஓலை வீடுதான். ஆனால் பேதி கண்டு ஊரே கதவைச் சாத்திக்கொண்ட காலத்தில், அநாதையாகக் கிடந்த பிள்ளைகளை அங்கே அள்ளிப்போய்க் கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தவள் பொன்னம்மாள். அவள் செத்துப்போன பிறகு அந்த அடுப்பில் வேறு கை நெருப்பு மூட்டக் கூடாது என்பது ஊர்க்கட்டு. வருஷா வருஷம் வீட்டுக்கு ஒரு கட்டு ஓலை போட்டுக் கூரை வேய்வோம். குடியிருக்க யாரையும் விடமாட்டோம்.

எங்கள் புத்தியைக் கேளுங்கள். அதிகாரி வருகிறார் என்றதும், ஆள் புழங்கும் வீடாகத் தெரியட்டும் என்று வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தோம். அடுப்பைக்கூட விடவில்லை. காலையில் வந்து பார்த்த அங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அங்கே பிழைத்த பிள்ளைகளில் ஊரில் மிஞ்சியிருப்பவள் அவள் ஒருத்திதான்.

“பொணத்தைக் குளிப்பாட்டி வெச்சா மாரி கீது! இங்க மனுசன் கீறான்னு எவன் நம்புவான்?”

விறகோடு உள்ளே நுழைந்தவளைக் கூரை வேலைக்குத் தலைவனான துலுக்கானம் மறித்தான்.

“அக்கா, அடுப்புல கை வெக்காதே. ஊர்க்கட்டு.”

“கட்டு இருக்கும், ஊடு இருக்காது. பரவால்லியா?”

ஏரிக்கரையில் ஜீப் சத்தம் கேட்டது. துலுக்கானம் தலையைக் குனிந்துகொண்டு விலகினான்.

ஈர அடுப்பு. தீ பற்றவில்லை. அங்கம்மா ஊதினாள், இருமினாள், மறுபடி ஊதினாள். ஒருவழியாகச் சுள்ளி பற்றி, வெள்ளைச் சுவரில் கரி ஏறியது. ஊர்க்கட்டு போயிற்றே என்று இருந்தது. தெய்வமே, இன்னும் ஏறட்டும் என்றும் இருந்தது.

அதிகாரி குனிந்து உள்ளே போனார். கரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“எத்தனை நாளா இங்க இருக்கே?”

“பேதி வந்த வருசத்துலேர்ந்து சாமி. ஆத்தா செத்துட்டா. நான் கைப்புள்ள. இந்த அடுப்புக் கஞ்சிதான் என்னைப் பொயைக்க வெச்சுது.”

அவள் கண்ணில் நீர். புகையோ என்னவோ.

வெளியே வந்தவர் எங்கள் கைகளைப் பார்த்தார். எல்லார் கையிலும் சுண்ணாம்பு. மறைக்கவும் தோன்றவில்லை எங்களுக்கு. கரி ஒட்டிய தன் விரலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“முளையைப் பிடுங்குப்பா” என்று கூட வந்த தலையாரியிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அங்கம்மா அன்றைக்கே பாயும் சட்டியுமாகக் குடிவந்துவிட்டாள். ஊர்க்கட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் கூரை வேய்ந்து முடிந்ததும் ஒருவன் வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனான். துலுக்கானம் குறுக்கே வந்து நின்றான்.

“அந்தக் கரி மேல எவனாவது கை வெச்சீங்க, கைய ஒட்ச்சிடுவேன்.”