நான் மறந்த ஏழாவது சரணம்

ஆயரின் கடிதத்தை எங்கள் கன்னியர் மடத்துத் தலைவி மதர் பெனிஞா சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசித்தார். சிஸ்டர் கொலம்பா இனி அரசியல் பாட்டு எழுதக் கூடாது, பத்திரிகைக்காரர்களைப் பார்க்கவும் கூடாது. மடத்தில் சேருமுன்பே அவருடைய பாட்டுகளை அயர்லாந்துச் சந்தைகளில் பாடுவார்கள். அந்த வாரம்தான் எங்கள் ஊர் நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரரான துரை பதினொரு குடிசைகளை இடித்து, குழந்தை குட்டிகளோடு ஜனங்களைச் சாலையில் விட்டிருந்தார். அவர்களுக்காகக் கொலம்பா மனசுக்குள் கட்டிய பாட்டு வெளியே வர வழியில்லை. அவருக்கு ரொட்டி இறங்கவில்லை.

"எழுதக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. சொல்லக் கூடாதுன்னு இல்லையே," என்றார் மதர்.

அதற்காகவே அந்தக் கிழவியை இன்றைக்கும் என் ஜெபத்தில் முதலில் சொல்கிறேன்.

பாட்டுக்கு எட்டுச் சரணம். எட்டு சிஸ்டர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொலம்பா வாயால் சொல்லிக்கொடுத்தார். ஞாயிறன்று கார்க் நகரத்திலிருந்து அச்சுக்காரர் லூசி வருவார். ஒவ்வொருவராகப் போய் அவர் அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்துவிட்டு, சரணத்தைக் காதில் போட்டுவிட்டு வர வேண்டும். சமையற்கட்டு கோப்நெட்டான எனக்கு ஏழாவது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"உன் மண்டையிலதான் நிறைய எடம் காலியா இருக்கு, நல்லா நிக்கும்," என்றாள் சிஸ்டர் வின்சென்ட். அன்று அவளுக்கு அடிப்பிடித்த கஞ்சிதான்.

ஞாயிறன்று முட்டைக்கோசை அடுப்பில் விட்டுவிட்டு ஓடினேன். லூசி பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"எங்கம்மா முட்டி நல்லாருக்கு சிஸ்டர். நீங்க ஏழாவது ஆளு. சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். ஒரு சொல்கூட நினைவில் இல்லை. பாட்டு நடுவில் ஓட்டையோடு போனால் கொலம்பா மனசு உடைந்துபோவார். அப்புறம் அந்தத் துரையின் மூஞ்சி ஞாபகத்துக்கு வந்தது. ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்:

குடிசை இடித்த துரையே, கேள்,
குதிரை நிறுத்தி ஒருசொல் கேள்:
உருளைக் கிழங்கை யார்நடுவார்?
உன்மகள் மண்ணைக் கிளறுவளோ?

லூசி நிமிர்ந்தார். "இது கொலம்பா கட்டினதா?"

"பின்ன, நானா கட்டுவேன்?"

பொய்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்துச் சந்தை. எங்கள் மதிலுக்கு வெளியே ஒரு பாட்டுக்காரன் லூசி அச்சடித்த பாட்டைப் பாட ஆரம்பித்தான். துணி காயப்போடும் சாக்கில் நாங்கள் எல்லோரும் மதிலோரம் கூடிவிட்டோம். ஆறு சரணம் வரைக்கும் கூட்டம் தொப்பியைக் கழற்றி அழுதது. ஏழாவதைப் பாடினான். சந்தையே சிரித்தது.

"அதையே இன்னொரு தடவ பாடுப்பா."

நான்கு தடவை பாடினான். சந்தைக்கு வந்திருந்த, துரைக்குக் குத்தகை வசூலிக்கும் ஏஜெண்டு குதிரையைத் திருப்பிக்கொண்டு போக, ஊர்ப் பெண்கள் அதைப் பாடிக்கொண்டே பின்னால் போனார்கள். எட்டாவதை யாரும் கேட்கவே இல்லை.

கொலம்பா என் பக்கம் திரும்பினார். "கோப்நெட், ஏழாவது என்னோடது இல்ல."

"மறந்துட்டேன் சிஸ்டர். மன்னிச்சிருங்க."

அவர் ஈரத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அழுகிறார் என்று பயந்தேன். சிரித்த சிரிப்பில் முக்காடே சரிந்துவிட்டது.

"பன்னெண்டு வருஷமா அழவச்சிக்கிட்டே இருக்கேன். ஒருநாளாவது இவங்கள இப்படிச் சிரிக்கவச்சேனா? மதர், ஆயரோட தடை எழுதறவங்களுக்குத்தானே?"

"ஆமா."

"கோப்நெட்டுக்குத்தான் எழுதவே தெரியாதே."

மதர் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டார். "இவளைப் பத்திக் கடுதாசில ஒரு வார்த்தையும் இல்ல," என்றார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள், வின்சென்ட் உட்பட. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்போ அந்த ஏஜெண்டப் பத்தி ஒண்ணு சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.