கப்பலில் தேடக் கூடாது

ஹயாத் பாஷா வாயில் ஒரு விஷயமும் தங்காது. கப்பல் டிக்கெட் எடுத்த அன்றைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்துக்குள் செங்கல்பட்டு பஜார் முழுவதற்கும் சேதி தெரிந்துவிட்டது. தெரியாதவர்கள் இரண்டே பேர்தான். அவருடைய மகனும் மகளும்.

பிள்ளைகளிடம் சொல்ல அவருக்குப் பயம். அந்தப் பயத்தில் எண்ணெய் ஊற்றியவர் பக்கத்துச் செல்போன் கடை ராமதாஸ்.

"பாய், பையனுக்கு இன்னா வயசு?"

"பதினெட்டு."

"பொண்ணுக்கு?"

"பதினேழு."

"வரமாட்டாங்க." ராமதாஸ் டீயை உறிஞ்சிக்கொண்டே தீர்ப்பு எழுதிவிட்டார். "ஊரப்பாக்கத்துல கீற அத்தை வூட்டுக்கே எம்பையன் எங்கூட வண்டியில ஏற மாட்டேன்றான். தனியா டிரெயின்ல வரான். நீ இன்னாடான்னா நடுக்கடல்ல மூணு நாளு ஒரே ரூம்ல அடைக்கப் பாக்கற. அந்த வயசுப் பசங்க கப்பல்லேர்ந்து குதிச்சிடுவாங்க பாய்."

"எம்புள்ளைங்க குதிக்க மாட்டாங்க மச்சான். குதி குதின்னு குதிப்பாங்க, சந்தோஷத்துல!" என்று ஹயாத் பாஷா சவடால் அடித்துவிட்டுத் துணிக்கடைக்குள் போனார். உள்ளே போனதும் சவடால் இறங்கிவிட்டது.

ஆகிப் அடுத்த மாதம் கோயம்புத்தூர் கல்லூரியில் சேர்கிறான். ஹாஸ்டல். இந்த இரண்டு வருஷமாக அவன் அத்தாவிடம் பேசியதை எல்லாம் சேர்த்துப் பிழிந்தால் மூன்று சொல் தேறும். 'ம்', 'சரி', 'தெர்ல'. கோபம் ஒன்றும் இல்லை, சண்டையும் இல்லை. பேச்சுதான் இல்லை. சின்ன வயதில் கடை கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, வருகிற போகிற ஆட்களிடமெல்லாம் கதை அளந்த பயல்தான் இவன். அவன் ஊரைவிட்டுப் போவதற்குள் ஒரு தடவையாவது அவன் வாயைத் திறந்து பேசிக் கேட்டுவிட வேண்டும். கப்பல், கடல், நீச்சல் குளம் எல்லாம் ஹயாத் பாஷாவுக்கு இரண்டாம் பட்சம். முதலில் அதுதான்.

ராத்திரி சாப்பாட்டில் மெல்ல ஆரம்பித்தார். "நாம கப்பல்ல போறோம்."

ஆகிப் போனிலிருந்து தலையைத் தூக்கினான். அதுவே பாதி வெற்றி. "கப்பலா? நெஜக் கப்பலா?"

"பத்து மாடிக் கப்பல்டா! மெட்ராஸ் ஹார்பர்ல ஏறி, தெக்கால போய்ட்டு, மூணு நாள்ல திரும்பி வரோம். உள்ளாரயே தேட்டர் கீது, நீச்சல் குளம் கீது, செவுரு ஏறலாம்..."

"யார் யாரு போறோம்?"

"யாரு? நாம நாலு பேருதான்."

தலை மறுபடி போனுக்குள் இறங்கிவிட்டது. மகள் அர்வாதான் அடுத்த கேள்வியைப் போட்டாள். "கப்பல்ல நெட் இருக்குமா அத்தா?"

"நடுக்கடல்ல ஏதும்மா நெட்டு?" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். சைனம்பு மேசைக்கு அடியில் புருஷன் காலை மிதித்தாள். மிதித்து என்ன பயன், வார்த்தை வெளியே போய்விட்டதே.

இந்த நேரம் பார்த்தா அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்? பிரித்தார். கடையில் ஒரு தான், முழுச் சுருள் துணி, வெகு நாளாக விற்காமல் கிடந்தது. கிளிப்பச்சை நிறம், அதில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் அன்னாசிப்பழம். அதில் அவருக்கும் ஆகிப்புக்கும் சட்டை, அர்வாவுக்குக் குர்தி, சைனம்புவுக்கு ரவிக்கை என்று யாரிடமும் கேட்காமல் தைத்து வாங்கி வந்திருந்தார்.

ஒரே துணியில் குடும்பத்துக்கே உடுப்பு எடுப்பது அவருக்குப் பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம். ஒரு பெருநாளுக்கு மறுநாள் மாமல்லபுரம் கடற்கரையில், எள் போட்டால் எள் விழாத கூட்டத்தில், ஆறு வயது ஆகிப் காணாமல் போய்விட்டான். ஹயாத் பாஷா மணலில் பைத்தியக்காரன்போல ஓடினார். கடைசியில் பஜ்ஜி கடைக்காரம்மா ஒருத்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "இந்தத் துணியில சொக்கா போட்ட புள்ள ஒண்ணு எங்கடையில அழுதுகினு கீது, உன்னுதா பாரு" என்றாள். நீலக் கட்டம் போட்ட பெருநாள் சட்டை. அன்றிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் குடும்பத்துக்கே ஒரே துணிதான்.

"கூட்டத்துல தொலைஞ்சிட்டா கண்டுபுடிக்கணும்ல?" என்றார்.

"அத்தா, எனக்குப் பதினெட்டு வயசு" என்றான் ஆகிப். "இதப் போட்டுகினு எவனாவது போட்டோ எடுத்தான்னா காலேஜுக்கே போவ முடியாது. நான் வரல."

பேஜாராகிப் போனது. சைனம்பு கெஞ்சினாள், ஹயாத் பாஷா பிரியாணி வாங்கிக் கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் அர்வா அண்ணனுக்கும் சேர்த்து வக்கீலாக வந்து நின்றாள்.

"வரோம். ஆனா கண்டிஷன் கீது. அந்தச் சட்டை வூட்டோட இருக்கணும். அப்புறம், கப்பல்ல எங்களத் தேடக் கூடாது. எங்க போற, யார் கூட கீற, சாப்ட்டியா, எதுவும் கேக்கக் கூடாது. நாங்களா வந்தா வந்ததுதான்."

தேடக் கூடாது என்றால் அப்புறம் பேசுவது எப்போது? இதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் கப்பலே இல்லை. "சரி. வாக்கு" என்றார் ஹயாத் பாஷா.

பாதி வாக்கைக் கிளம்பும் முன்பே மீறிவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெட்டியில் தொழுகை விரிப்புக்கு அடியில் நாலு உடுப்பையும் மடித்து வைத்துவிட்டார். மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும் அவருக்குச் சின்னப் பிள்ளைக்கு வருவதுபோல உடம்பெல்லாம் சிலிர்த்தது. வெள்ளை வெளேரென்று ஒரு தெருவே தண்ணீரில் நிற்கிறது! சைனம்பு ஒவ்வொரு மாடியாக விரல் நீட்டி எண்ணிப் பாதியில் மறந்து மறுபடி எண்ணினாள். "ஏங்க, இது மெதக்குமா?" என்று மூன்று தடவை கேட்டாள். மிதக்கும் என்று சொன்னதை ஒரு தடவையும் நம்பவில்லை.

ஆகிப்பின் முகம்தான் சரியில்லை. ஏறியதும் ஒரு அறை. உள்ளே பலூன், பொம்மை, முகத்தில் பூனை மீசை வரைந்துகொண்ட வாண்டுகள். அடுத்த அறை வாசலில் இருபத்தொரு வயதைத் தாண்டிய பெரியவர்களுக்கு மட்டும் என்று பலகை. காவலுக்கு நின்ற ஆள் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"சின்னப் பசங்களுக்கு ரூம் கீது. பெரியவங்களுக்கு ரூம் கீது. எங்களுக்கு எங்க?" என்றான். அர்வாவும் உதட்டைப் பிதுக்கினாள். இரண்டு பேரும் படியேறி எங்கேயோ போய்விட்டார்கள். ராமதாஸ் சொன்னது பலித்துவிட்டதே என்று ஹயாத் பாஷா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கப்பல் கவுந்தாலே கன்னத்துல கைய வெக்கக் கூடாதும்பாங்க" என்றாள் சைனம்பு. "இங்க கப்பல் நல்லா நின்னுகினு கீது, நீங்க கைய வெச்சிகினு! எழுந்திரிங்க. மேல ஐஸ்கிரீம் சும்மா தராங்களாம்."

கப்பல் நகர்ந்தது. சென்னைக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. சைனம்பு ஒரு கையில் ஐஸ்கிரீமும் மறு கையில் கம்பியுமாக, காற்றில் முந்தானை பறக்க, "ஐயோ போவுதுங்க, நெஜமாவே போவுதுங்க!" என்று கத்தினாள். அவள் உற்சாகத்தில் அவருக்கும் சிரிப்பு வந்தது. இருந்தாலும் கண் என்னவோ படிக்கட்டுப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. நீச்சல் குளத்துப் பக்கம் இளவட்டங்களின் கூச்சல் கேட்டது. எட்டிப் பார்க்கக் கால் துடித்தது. எட்டிப் பார்த்தால் அது தேடியதாகும். பார்க்கவில்லை.

கப்பல் சிப்பந்தி ஒருவர், இருட்டத் தொடங்கும்போது வலது பக்கம் மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் தெரியும் என்று சொல்லியிருந்தார். அறைக்குப் போய் மஃரிப் தொழுதுவிட்டு, விரிப்பை மடித்துக்கூட வைக்காமல், பெட்டியையும் மூடாமல் மேல்தளத்துக்கு ஓடி வந்தார். அங்கே திருவிழாக் கூட்டம். சைனம்பு கம்பியோரம் இடம் பிடித்து வைத்திருந்தாள்.

மேற்கே வானம் சிவந்து அடங்கிக்கொண்டிருந்தது. கரை வெறும் கறுப்புக் கோடு. அந்தக் கோட்டில் ஒரு வெளிச்சம் மினுக்கிவிட்டுப் போனது. கொஞ்சம் பொறுத்து மறுபடி மினுக்கியது.

"நம்ம லைட்டவுஸு! ஆகிப், அங்க பாருடா!" என்று கத்திக்கொண்டே திரும்பினார். திரும்பிய இடத்தில் யாரோ ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார்.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த விளக்குக்குக் கீழே நின்று பிள்ளைகளோடு கடலைப் பார்த்திருக்கிறார். கடலில் நின்று அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். போனை எடுத்தார். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. இருந்தாலும்தான் என்ன, போன் பண்ண முடியுமா? கால் தானாகப் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தது.

"வாக்கு குடுத்துட்டீங்க" என்றாள் சைனம்பு.

"நான் எங்கடி தேடறேன்? சும்மா நடக்கறேன்."

"நடக்காதீங்க."

நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. உப்புக் காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். விளக்கு மினுக்கியது.

"அத்தா!"

முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பினார். அந்தக் கூட்டத்தில், அத்தனை கறுப்பு வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில், கிளிப்பச்சையில் அன்னாசிப்பழங்கள் ஆட ஒருவன் முண்டியடித்துக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் அதே பச்சையில் அர்வா. அவளுக்குப் பின்னால் அவர் முன்பின் பார்த்திராத ஏழெட்டு இளசுகள்.

"எங்க பூட்டீங்க அத்தா? லைட்டவுஸு காட்டலாம்னு மூணு மாடி தேடிட்டோம்! ரூமுக்குப் போனா பெட்டிதான் தொறந்து கீது, ஆளக் காணோம்." ஆகிப்புக்கு மூச்சு வாங்கியது.

"சட்டை..." என்றார் ஹயாத் பாஷா.

"போனு வேலை செய்யல. இவ்ளோ கூட்டத்துல நீங்க எங்களக் கண்டுபுடிக்கணும்ல? அதான் மாட்டிகினோம். நீங்க என்னாடான்னா கடலப் பாத்துகினு நிக்கறீங்க!"

"தேடக் கூடாதுன்னு நீங்கதானடா சொன்னீங்க?"

"அது உங்களுக்கு அத்தா. நாங்க தேடலாம்" என்றாள் அர்வா, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

"எங்களுக்கு ரூம் இல்லன்னு சொன்னன்ல? இவங்க யாருக்கும் இல்ல" என்று ஆகிப் பின்னால் இருந்த கும்பலைக் காட்டினான். "நெட்டும் இல்ல. செவுரு ஏறுற எடத்துல எல்லாரும் சேந்துட்டோம். நான் உச்சி வரைக்கும் ஏறினேன் அத்தா! நாளைக்கு நீங்களும் ஏறணும், பேரு குடுத்தாச்சு." சொல்லிக்கொண்டே கக்கத்தில் இடுக்கி வைத்திருந்த இன்னொரு பச்சைச் சட்டையை அவர் தோளில் போட்டான். "போடுங்க. நாங்க மட்டும் லூசு மாதிரி நிக்கணுமா?"

ஹயாத் பாஷா சட்டைக்கு மேலேயே சட்டையை மாட்டினார். பொத்தான் ஒன்று மாறிப் போனது, சைனம்பு சரி செய்தாள்.

அதற்குள் ஆகிப் கம்பியைப் பிடித்துக்கொண்டு புதுச் சிநேகிதர்களுக்குக் கரையைக் காட்டிக்கொண்டிருந்தான். "அதோ மினுக்குது பாரு, அதான் மாமல்லபுரம் லைட்டவுஸு. எங்க ஊர்லேர்ந்து பக்கம். அந்த பீச்சுலதான் நான் சின்ன வயசுல தொலைஞ்சு போய்ட்டேன். பெருநாளுக்கு மறுநாளு. நீலக் கட்டம் போட்ட சட்டை..."

இவனுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கிறதா? ஹயாத் பாஷா அசையாமல் நின்றார். பயல் பேசினான். கல்லாவில் உட்கார்ந்து அளந்த அதே குரல், கொஞ்சம் தடித்திருந்தது. கூட்டத்தைச் சொன்னான், தான் அழுததைச் சொன்னான், பஜ்ஜி கடையைச் சொன்னான். நடுவில் கையை ஆட்டினான், சிரித்தான்.

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அது அத்தாவுக்குத்தான் நல்லாத் தெரியும்." ஆகிப் திரும்பினான். "அத்தா, நீங்க சொல்லுங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வாயில் ஒரு விஷயமும் தங்காத மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீயே சொல்றா" என்றார். "நான் கேக்கறேன்."