ஆறாவது விதி: பாணன் கிடையாது

"எனக்காகத்தானே போட்டீங்க அந்த விதியை? சொ... சொல்லுங்கண்ணே!"

"எல்லாருக்கும்தான்டா. என் மேஜை, என் விதி!"

"பாணன் வேஷம் கேட்டது நான் ஒருத்தன்தானே?"

மாடியில் சத்தம் இப்படிக் கிளம்பியபோது நான் வராந்தாக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். துணி இன்னும் காயவில்லை என்பது வேறு விஷயம்.

பக்கத்துப் போர்ஷன்காரர் பல்செட் செய்கிறவர். தெருவுக்கே அண்ணன். ஞாயிறு மதியமானால் அவர் வீட்டில் கதை விளையாட்டு. அவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டி, குகைக்குள் போவார்கள். பிழைத்தால் சந்தோஷம், செத்தால் வேறு வேஷம். மேஜைமேல் நிற்கும் பூதங்களெல்லாம் பல்செட்டுக்குப் போக மிஞ்சிய பிளாஸ்டிக்கில் அவரே வார்த்தவை. அதனால் எல்லாமே ஈறு நிறம். டிராகனுக்கு மட்டும் நல்ல வரிசையான பல்.

விதிகள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். குள்ளர்கள் மந்திரம் போடக்கூடாது, சாமியார் கத்தி எடுக்கக்கூடாது என்று ஐந்து இருந்தது. போன மாதம் ஆறாவது முளைத்தது: 'பாணன் கிடையாது.'

பாணன் என்றால் பாட்டாலேயே மந்திரம் போடுகிற வேஷம். அண்ணன் மேஜை வழக்கப்படி, நாலு வரியை ஆடுகிறவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மணல் கடிகாரம் தீர்வதற்குள். கேட்டவனோ கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். கீழ்வீட்டுத் தையற்காரியின் தம்பி. பேச்சு திக்கும். இரண்டு வருஷமாகக் கோடாலி வீரனாக உட்கார்ந்து "வெட்டுறேன்" என்ற ஒரே வார்த்தையில் காலம் தள்ளியவன்.

அக்காக்காரிதான் ஒருநாள் படியேறி அண்ணனிடம் வந்தாள். "நாலு பேர் முன்னாடி அவன் திணறுறதை என்னால தாங்க முடியாதுங்க. எப்படியாவது தடுத்துடுங்க." தெருவே அண்ணன் என்கிறது, இவள் மட்டும் ஒருதடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. அதை நான் அன்றைக்கே குறித்துக்கொண்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நடுச்சுவர் மெல்லிசு. தம்பிக்கு எப்படித் தெரிந்தது என்றால், கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றப் போன இடத்தில் நான் சும்மா நிற்கவில்லை.

சத்தம் கேட்டு அக்கா, கழுத்தில் அளவு டேப்போடு ஓடிவந்தாள். "அவரைத் திட்டாதடா. நான்தான் சொன்னேன்."

"நான் தோ... தோத்தா என்னக்கா ஆகும்?"

"எல்லாரும் பார்ப்பாங்கடா."

"போன வாரம் நர்ஸக்கா சிலந்தி வாயில போய் விழுந்தாங்க. எல்லாரும் பார்த்தோம், சிரிச்சோம். செத்தா போயிட்டாங்க?"

"செத்துத்தான் போனேன்," என்றாள் மேஜையிலிருந்த நர்ஸ். "இது எனக்கு ரெண்டாவது வேஷம்."

அண்ணன் எழுந்து போய் ஆறாவது விதியைக் கோடு போட்டு அடித்தார்.

ஆட்டம் தொடங்கியது. வழியில் கல்பூதம் தூங்குகிறது. எழுப்பினால்தான் குகை திறக்கும். தம்பி பாணனாக எழுந்து நின்றான். மணல் கடிகாரம் கவிழ்ந்தது. துணிக்கூடையோடு நானும் வாசலில் நின்றேன், யாரும் போகச் சொல்லவில்லை. முதல் வரி வந்தது. இரண்டாவது மெதுவாக வந்தது. மூன்றாவதில் ஒரு வார்த்தை வரவே மாட்டேன் என்றது. அக்காவின் உதடு அந்த வார்த்தையைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. அண்ணன் மெல்லக் கையை நீட்டி, மணல் கடிகாரத்தைப் படுக்கவைத்தார். மணல் நின்றது.

தம்பி தலையை ஆட்டினான். தானே அதை நிமிர்த்தி வைத்தான்.

நாலாவது வரி முடிந்தபோது மணல் தீர்ந்து போயிருந்தது. இரண்டே வார்த்தை தாமதம். அண்ணன் அவனையே பார்த்தார். ஒரு பொய் சொன்னால் முடிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பூதம் கண்ணைத் திறக்கலை. குகை இடிஞ்சு விழுந்துடுச்சு. எல்லாரும் காலி."

"டேய், இனி மூணாவது வேஷம்டா எனக்கு!" என்று நர்ஸ் தலையணையால் அவனைச் சாத்தினாள். அவன் சிரித்தான். அப்படிக் குலுங்கிச் சிரிப்பான் என்று எனக்கே தெரியாது, எனக்குத் தெரியாதது இந்தத் தெருவில் குறைவு. அக்கா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள். அதை அண்ணன் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

பூதம் எழுந்திருக்க இன்னும் நாலு ஞாயிறு பிடித்தது.

மறுவருஷம் தையற்காரி பல்செட்காரரைக் கட்டிக்கொண்டு ஒரு மாடி மேலே குடிவந்தாள். தம்பிக்கு வேறு ஊரில் பெரிய கடிகாரக் கடையில் வேலை; போய்விட்டான். அங்கே அவனே கதை சொல்கிறானாம், மணிக்கணக்காக. காலியான அவன் நாற்காலி இப்போது எனக்கு. பிரிட்ஜில் ஆறாவது விதியும் திரும்ப வந்துவிட்டது, அக்காவின் கையெழுத்தில்: 'பக்கத்துப் போர்ஷனுக்கு ஒற்றன் வேஷம் கிடையாது.'