மன்னிப்புக் கேட்கும் குரல்

செத்தவனைக்கூட நிம்மதியாகச் சாகவிடாத காலம் இது. முன்பெல்லாம் உயிரோடு இருப்பவனைத்தான் ஏமாற்றுவார்கள். இப்போது பிணத்தைப் பேசவைத்துப் பெற்றவளை ஏமாற்றுகிறார்கள். அதற்குப் பாசம் என்று பெயர் வேறு. கசாப்புக் கூடத்து வேலை முடிந்து, கையில் கத்தியோடு வீடு திரும்பிய கிழவருக்கு வாசலிலேயே வயிறு எரிந்தது.

உள்ளே மேசையில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு மனைவி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தெருச்சண்டையில் குத்துப்பட்டுச் செத்த மகனின் குரல் அதிலிருந்து வந்தது. அவனுடைய பழைய பேச்சுப் பதிவுகளைப் போட்டு, அவனைப் போலவே பேச மருமகன் அதைப் பழக்கியிருந்தான்.

"அம்மா, இன்னும் ரெண்டு வாய் சாப்பிடும்மா."

"பாத்தீங்களா மாமா, இப்பதான் அத்தை ஒழுங்கா சாப்பிடறாங்க" என்றான் மருமகன்.

"என் புள்ள எப்ப மாப்ள இவகிட்ட இப்படிப் பேசினான்? தட்டைத் தூக்கி மூஞ்சியில அடிப்பான். இவ மணிக்கட்டை ஒடிச்சதே அவன்தான். பிணவறையில குடல் சரிஞ்சு கிடந்ததை நான் பாத்தேன். அது பேசாது."

போன் குரலின் அந்தக் குழைவு அவருக்குப் புதிதல்ல. அறுக்குமுன் மிரளும் ஆட்டின் தாடையைத் தடவி, "ஒண்ணுமில்லடா கண்ணு" என்று அவரும் அப்படித்தான் சொல்வார். ஆடு நம்பிக் கழுத்தை நீட்டும்.

போனிடம் குனிந்தார். "ஏன்டா, உங்கம்மா கையை ஒடிச்சியே, நியாயமா?"

"தப்புதாம்பா. அம்மா, என்னை மன்னிச்சிடும்மா."

மகன் வாயிலிருந்து ஒருநாளும் வராத சொல். மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

"உன் தங்கச்சியைக் கழுத்தை நெரிச்சுக் கொன்னியே, அது?"

"அதுவும் தப்புதாம்பா. நெனச்சு நெனச்சு அழறேன்."

அடுப்படியில் நின்ற மகள், அந்தத் தங்கச்சி, கரண்டியைக் கீழே போட்டாள். "அடப்பாவி! நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே!"

"கேட்டியாடி? செய்யாத கொலைக்கும் தலையாட்டுது!" என்று மனைவியிடம் கத்தினார் கிழவர்.

போன்மேல் கத்தியை ஓங்கினார். மனைவியின் கை பாய்ந்து போனை மூடியது. அவர் வெட்டைத் திருப்பப் பார்த்தார், முழுக்கத் திரும்பவில்லை. மேசை விளிம்பு பிளந்தது. அவள் சுட்டுவிரலின் நுனி தெறித்துத் தட்டில் விழ, சாப்பாடு சிவந்தது.

"அம்மா, என்ன சத்தம்? வலிக்குதா?" என்றது போன், அதே குழைவில்.

மருமகன் வண்டி எடுக்க ஓடினான். கிழவர் துண்டைக் கிழித்து விரலை இறுக்கிக் கட்டினார்.

"பொய்யின்னு எனக்குத் தெரியாதா? பெத்தவ நான்" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நெசமான மகன் கையை ஒடிச்சான். நெசமான புருஷன் நீங்க விரலை வெட்டிட்டீங்க. வலிக்குதான்னு கேட்டது அந்தப் பொய் ஒண்ணுதானே?"

மகள் தாயைத் தாங்கி வண்டியில் ஏற்றினாள். வண்டி அவருக்காக நிற்கவில்லை.

"அப்பா, அம்மா பாவம். நீங்களும் போங்கப்பா" என்றது மேசை மேல் கிடந்த போன்.

"வலின்னா என்னன்னே தெரியாத மூதேவி, நீ விசாரிச்சா என்ன, விசாரிக்காட்டி என்ன? நீ சொல்லி நான் போகல."

காறித் துப்பிவிட்டு, வண்டி போன பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.