சோடா கேட்டவன்

துறைமுக வாசலுக்கு எதிரே இருந்த பார் காலை ஐந்தரைக்கே திறந்துவிடும். அன்றைக்கு யார் யாருக்கு மூட்டை தூக்கும் வேலை என்பதை மேஸ்திரி அங்கே உட்கார்ந்துதான் முடிவு செய்வார். பார் அவருடைய அண்ணனுடையது. குடிக்காதவன் பேரை அவர் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. அவர் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்.

நெட்டையன் பதினாறு வருடம் அங்கே குடித்தான். பிறகு ஒரு நாள் ரத்த வாந்தி எடுத்தான். இனி ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனைவி அழுது சத்தியம் வாங்கினாள்.

உடம்பு தேறியதும் பாருக்குப் போய் சோடா கேட்டான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"என்னடா நெட்டை, மாசமா இருக்கியா?" என்றார் மேஸ்திரி.

"டாக்டர் கூடாதுன்னுட்டாருண்ணே."

"அப்ப டாக்டர்கிட்டயே போய் வேலை கேளு."

அவனும் சிரித்து வைத்தான். அன்று அவன் பேர் வரவில்லை. மூன்று வாரமாகியும் வரவில்லை. அவன் சொல்லி வேலைக்குச் சேர்ந்த மச்சினன்கூட, அவன் முகத்தைப் பார்க்காமல் குடித்துவிட்டுக் கிளம்பினான். வேறு இடங்களில் ஏறி இறங்கியதில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது.

ஒரு விடியலில் மனைவி கதவருகே மறித்தாள்.

"என்னங்க... ஒரே ஒரு கிளாஸ் குடிச்சா என்ன ஆயிடும்?"

அவன் குனிந்து செருப்பை மாட்டினான்.

"அவரு பாக்கறப்ப மட்டும்..." என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று மேஸ்திரி கண்ணெடுக்காமல் பார்க்க, அவன் ஒரே மூச்சில் குடித்தான். இறங்கிய வழியெல்லாம் எரிந்தது.

"இப்பதான்டா நீ நம்ம ஆளு!" முதல் பேரே அவனுடையதாக இருந்தது. மச்சினன் தலை குனிந்துகொண்டான்.

சாயங்காலம் தட்டை வைத்தபடி மனைவி கேட்டாள். "எவ்வளவு குடிச்சீங்க?"

"நாளைக்கும் கூப்பிடுவாரு" என்றான்.

நாலு மாதம் தினமும் வேலை இருந்தது. ஐந்தாவது மாதம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள், உயிரோடு திரும்பவில்லை.

அடக்கம் முடிந்ததும் மேஸ்திரி எல்லோரையும் பாருக்கு அழைத்துப்போனார். "தங்கமான பய" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் பேரைச் சொல்லி ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றச் சொன்னார்.

மச்சினன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனாலும் கிளாஸை நீட்டினான். மறுநாள் அவனுக்கும் வேலை வேண்டுமே.